பயிற்சி முடிந்த மறுநாள்: ஆசிரியர் பயிற்சி முறைகளும் வகுப்பறைத் தொழில்நுட்பமும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் வகுப்பறைக்குள் கடந்த சில ஆண்டுகளில் நுழைந்த கருவிகளின் வரிசை நீளமானது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு அச்சானது. 2019 ஆகஸ்ட்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தன. அதன்பின் ஆசிரியர்களுக்கென 79,723 கைக்கணினிகளும், தொடக்கப் பள்ளிகளுக்கென 22,931 திறன் வகுப்பறைகளும் திட்டமிடப்பட்டன. இவற்றைக் கையாளப் பயிற்சிகளும் நடக்கின்றன. பயிற்சியில் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்ற எண்ணிக்கை துறையிடம் இருக்கும். பயிற்சி முடிந்த மறுநாள் வகுப்பில் என்ன மாறியது என்பதற்கு அப்படியொரு பதிவு கிடையாது.

இக்கட்டுரையின் வாதம் இதுதான். ஆசிரியரின் கற்பித்தல் மாறுவதற்கு, அவர் பாடம் நடத்துவதை நேரில் பார்த்து அவரோடு பேசும் இன்னொரு மனிதர் தேவை. தொழில்நுட்பம் அந்த மனிதருக்குத் துணையாக நிற்கும் இடங்களில் பயன் தெரிகிறது. அவருடைய இடத்தையே அது எடுத்துக்கொள்ளும்போது பயன் சுருங்குகிறது, சில வேளைகளில் எதிர்மறையாகவும் போகிறது. இதைச் சொல்வதற்குக் கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் வலுவான கள ஆய்வுகள் வந்திருக்கின்றன.

முதலில் நமக்கு நன்கு பழகிய ஒரு முறையின் வரலாற்றைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் பி.எட். படித்த யாரும் நுண்ணிலைக் கற்பித்தலைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. அது 1960களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவரது குழுவினரும் உருவாக்கிய முறை. ஒரு சிறு பாடம், சில மாணவர்கள், ஒரே ஒரு திறன். பாடம் நடத்தியதும் அதன் வீடியோ பதிவைப் பயிற்சி ஆசிரியரும் மேற்பார்வையாளரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள், பேசுவார்கள், பிறகு அதே பாடத்தை வேறு மாணவர்களிடம் திரும்ப நடத்துவார்கள். அந்நாளில் வீடியோப் பதிவுக் கருவி புதுமையானது. அங்கே அது செய்த வேலை ஒன்றுதான்: ஆசிரியர் தன் வகுப்பைத் தானே பார்க்க வழி செய்தது.

1970களில் பரோடாவிலும் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவிலும் இந்த முறை இந்தியச் சூழலுக்கு ஏற்ப மாற்றப்பட்டது. பதிவுக் கருவிக்குக் கல்லூரிகளில் பணமில்லை. பள்ளி மாணவர்களைத் திரட்டுவதும் கடினம். ஆகவே சக பயிற்சி ஆசிரியர்களே மாணவர்களாக அமர்ந்தார்கள், கருவியின் இடத்தை உற்றுநோக்கல் படிவம் பிடித்தது. கற்பித்தல் 6 நிமிடம், பின்னூட்டம் 6, மறுதிட்டமிடல் 12, மீண்டும் கற்பித்தல் 6, மீண்டும் பின்னூட்டம் 6 என 36 நிமிடச் சுழற்சி வகுக்கப்பட்டது. இந்தப் பங்கீட்டை ஊன்றிக் கவனிக்க வேண்டும். கற்பிப்பதற்கு 12 நிமிடம். அதைப் பற்றிப் பேசவும் மாற்றியமைக்கவும் 24 நிமிடம். இதை வகுத்தவர்கள் எது கடினமான வேலை என்று தெரிந்தே வகுத்திருக்கிறார்கள். கருவி இல்லாமலேயே முறையின் சாரத்தைக் காப்பாற்றிய இந்த மாற்றத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

ஆனால் பல கல்லூரிகளில் எஞ்சியது பதிவேடுதான். தொடங்குதல், வினா கேட்டல், வலுவூட்டல், கரும்பலகையைப் பயன்படுத்துதல் எனத் திறன்வாரியாகப் பக்கங்கள் நிரம்புகின்றன. பின்னூட்டக் கட்டத்தில் ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்தாகிறது. மறுகற்பித்தல் தாளில் மட்டும் நடக்கிறது. பார்த்துப் பேசுபவர் விலகிய பிறகு முறையில் மிஞ்சியது அதன் பெயர்தான்.

பணியிடைப் பயிற்சியிலும் இதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. இங்கே தென்னாப்பிரிக்காவின் இரு ஆய்வுகளைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஜேக்கபஸ் சிலியர்ஸ், பிரம் ஃபிளெய்ஷ், காஸ் பிரின்ஸ்லூ, ஸ்டீஃபன் டெய்லர் ஆகியோர் வடமேற்கு மாகாணத்தில் 180 பள்ளிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். தாய்மொழியான செட்ஸ்வானாவில் குழந்தைகளை வாசிக்க வைப்பது நோக்கம். இரு வகைப் பள்ளிகளுக்கும் ஒரே நாள்வாரிப் பாடத்திட்டம், ஒரே வாசிப்பு நூல்கள். வேறுபாடு ஒன்றுதான். ஒரு வகையில் ஆசிரியர்களை ஓரிடத்துக்கு வரவழைத்துப் பயிற்சி அளித்தார்கள். மற்றதில் வாசிப்புப் பயிற்றுநர் ஒருவர் மாதாமாதம் பள்ளிக்கே போய் வகுப்பில் அமர்ந்தார். இரண்டு ஆண்டு முடிவில், முதல் வகையில் மாணவர் வாசிப்பு 0.12 திட்ட விலக்கம் (மதிப்பெண்களின் பரவலை வைத்து விளைவை அளக்கும் அலகு) உயர்ந்தது, இரண்டாவதில் 0.24. சரியாக இரு மடங்கு.

எப்படி என்பதற்கும் அந்த ஆய்வில் தடயம் உண்டு. குழந்தைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஆசிரியர் அருகே அழைத்து, ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லிக் கேட்கும் முறை பயிற்றுநர் சென்ற பள்ளிகளில் அதிகம் பரவியது. இது செய்வதற்குக் கடினமான காரியம். நாற்பது குழந்தைகள் இருக்கும் வகுப்பில் ஆறு பேரைக் கூப்பிட்டால் மீதி முப்பத்து நான்கு பேர் என்ன செய்வார்கள்? பயிற்சிக் கூடத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, கடைசி வரிசையில் சண்டை மூளும்போது, பதில் வேறாகிவிடும். அந்த நேரத்தில் உடனிருந்து ‘அந்தக் குழுவுக்கு முதலிலேயே எழுத்து வேலை கொடுத்துவிட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள்’ என்று சொல்ல ஒருவர் இருப்பதும் இல்லாததும் இரண்டு வெவ்வேறு பயிற்சிகள்.

இயல்பாகவே அடுத்த கேள்வி எழுந்தது: பயிற்றுநர் நேரில் போக வேண்டுமா, கைக்கணினியும் தொலைபேசியும் போதாதா? அதே ஆய்வுக் குழுவினரில் சிலர் புமலாங்கா மாகாணத்தில் அதையும் சோதித்தார்கள். இம்முறை பாடம், இரண்டாம் மொழியாக ஆங்கிலம். ஒரு பிரிவுப் பள்ளிகளுக்குப் பயிற்றுநர் நேரில் சென்றார். இன்னொரு பிரிவில் ஆசிரியர்களுக்குப் பாடத்திட்டமும் காணொளிகளும் ஏற்றிய கைக்கணினி தரப்பட்டது. பயிற்றுநர் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் தொடர்புகொண்டார். முதலாண்டு முடிவில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே தெரிந்தன. ஆய்வு அத்தோடு நின்றிருந்தால், தொலைவழிப் பயிற்சியே சிக்கனமானது என்ற முடிவு கொள்கையாகியிருக்கும். மூன்றாம் ஆண்டு முடிவில் படம் மாறிவிட்டது. பயிற்றுநர் நேரில் சென்ற பள்ளிகளில் ஆங்கிலப் பேச்சுத் திறன் 0.31, வாசிப்பு 0.13 திட்ட விலக்கம் உயர்ந்திருந்தன. தொலைவழியில் பேச்சுத் திறன் 0.12 மட்டுமே, வாசிப்பில் மாற்றமே இல்லை. அதோடு, தாய்மொழி வாசிப்பு பின்னடைந்திருந்தது. ஆங்கிலத்துக்குச் செலவான நேரம் தாய்மொழிப் பாட நேரத்திலிருந்து போயிருந்தது.

கருவி பழுதாகவில்லை. ஆசிரியர்கள் அதைப் பயன்படுத்தத் தடுமாறவுமில்லை. தொழில்நுட்பமே தடையாக இருக்கவில்லை என்றும், நேரில் வருபவர் தரும் துணையும் அவரிடம் பதில் சொல்ல வேண்டிய பொறுப்புமே வேறுபாட்டுக்குக் காரணமாகத் தெரிகின்றன என்றும் ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். ‘ஆசிரியர்களுக்குக் கணினி தெரியாது, அதனால்தான் திட்டம் தோற்றது’ என்று எளிதாகச் சொல்லப்படும் விளக்கத்தை இந்த ஒரு ஆய்வே மறுத்துவிடுகிறது.

மாறான சான்றும் உண்டு. மேத்யூ கிராஃப்ட், டேவிட் பிளாசர், டிலன் ஹோகன் மூவரும் 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்த 60 ஆய்வுகளை ஒன்றுசேர்த்தது. பயிற்றுநர் துணையால் கற்பித்தல் 0.49, மாணவர் அடைவு 0.18 திட்ட விலக்கம் உயர்வதாக அது காட்டியது. ஆனால் நேர்வழிக்கும் தொலைவழிக்கும் இடையே தெளிவான வேறுபாடு எதையும் அது காணவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு விரியும் திட்டங்களில் பயன் குறைவதையும் அது சுட்டிக்காட்டியது. பிரேசிலின் சியாரா மாநிலத்தில் 350 மேல்நிலைப் பள்ளிகளில் நடந்த சோதனையில், ஸ்கைப் வழியாக அளித்த பயிற்சியே பயன் தந்தது.

இவை புமலாங்கா முடிவோடு மோதுவதாகத் தோன்றும். நான் அப்படிப் பார்க்கவில்லை. சியாராவில் ஸ்கைப்பில் பயிற்சி பெற்றவர்கள் அந்தந்தப் பள்ளியிலேயே பணியாற்றும் கற்பித்தல் ஒருங்கிணைப்பாளர்கள். அவர்கள் பிறகு எழுந்து பக்கத்து வகுப்புக்குப் போய், சக ஆசிரியரின் பாடத்தைப் பார்த்து, அவரோடு பேசினார்கள். திரையில் வந்த துணை, பள்ளிக்குள்ளேயே இருந்த ஒரு மனிதரிடம் போய்ச் சேர்ந்தது. அமெரிக்கப் பள்ளியிலும் ஆசிரியரைச் சுற்றிப் பாடத் துறையும் தலைமையும் சக ஆசிரியர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டின் ஈராசிரியர் பள்ளியில் அப்படி யார் இருக்கிறார்கள்? தலைமையாசிரியரே ஐந்து வகுப்புகளில் பாதியைக் கவனிக்கிறார். அவர் பக்கத்து அறைக்குப் போனால் அவருடைய வகுப்பு தனியாகிவிடும். அந்தப் பள்ளிக்கு அனுப்பப்படும் காணொளி, புமலாங்கா வழியில் போகவே வாய்ப்பு அதிகம்.

கென்யா இன்னொரு வழியைக் காட்டுகிறது. கிசுமு பகுதியில் பெஞ்சமின் பைப்பரும் உடனாய்வாளர்களும் கைக்கணினியைக் களப் பயிற்றுநரிடம் கொடுப்பது, ஆசிரியரிடம் கொடுப்பது, மாணவர்களிடம் மின்படிப்பான் கொடுப்பது என மூன்றையும் ஒப்பிட்டார்கள். மூன்றுக்குமிடையே தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. குழந்தைகள் எல்லோருக்கும் கருவி வாங்குவதும், வட்டாரத்துக்கு ஒருவருக்கு வாங்குவதும் ஒரே பயனைத் தருமானால், எதற்குச் செலவிட வேண்டும் என்பதில் ஐயமில்லை. 2015இல் நாடு முழுவதும் தொடங்கிய ‘டுசோமே’ வாசிப்புத் திட்டம் கைக்கணினியைக் களப் பயிற்றுநர்களிடம் கொடுத்தது. அவர்கள் வகுப்பைப் பார்த்தபடி குறிப்பெடுக்க, ஆசிரியரோடு பேச அது உதவியது. பள்ளிக்குப் போனது ஜிபிஎஸ் வழியே உறுதியானால் பயணப்படி கிடைத்தது. பயணப்படி சிறிய விஷயமாகத் தோன்றலாம். பள்ளிப் பார்வை எங்கும் நின்றுபோவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

‘மென்பொருளே நேராகக் குழந்தைக்குக் கற்பித்துவிட்டால் ஆசிரியர் பயிற்சியை இவ்வளவு தூரம் ஏன் பேச வேண்டும்’ என்று கேட்பவர்கள், தில்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ மென்பொருளை வைத்துக் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கானிமியான் செய்த ஆய்வைக் காட்டுவார்கள். நாலரை மாதத்தில் கணிதம் 0.37, இந்தி 0.23 திட்ட விலக்கம் உயர்ந்தது உண்மைதான். அது பள்ளி நேரத்துக்கு வெளியே, தனி மையத்தில், ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கணினி வைத்து, குழுக் கற்பித்தலும் சேர்த்து நடந்தது. குழந்தையின் உண்மையான நிலையிலிருந்து தொடங்கினால் கற்றல் வேகமெடுக்கும் என்பதே அந்த ஆய்வு தரும் பெரிய பாடம். வகுப்பறைக்குள் அதைச் செய்ய வேண்டியவர் ஆசிரியர்தான்.

2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் இதைத்தான் செய்ய முனைந்தது. ஒன்று முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் வடிவம் சரியானது என்பதே என் கருத்து. அதைக் கொண்டுசேர்த்த வழியோ பழைய அடுக்குமுறை. மாநிலக் கருத்தாளர் மாவட்டக் கருத்தாளருக்கும், அவர் ஒன்றியக் கருத்தாளருக்கும், அவர் ஆசிரியருக்கும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படியிலும் செய்முறை கொஞ்சம் குறைந்து விளக்கவுரை கொஞ்சம் கூடுகிறது. வகுப்பில் மதிப்பீட்டுக்கான செயலியைத் திறந்ததும் ஒரு குழந்தை திரைமுன் வர, ஆசிரியர் வளரறி மதிப்பீட்டை முடிக்க, இணையம் சுற்றிக்கொண்டே இருக்க, மற்ற குழந்தைகள் காத்திருக்கும் காட்சி பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. பி.எட். மாணவர்களைக் கொண்டு மூன்றாம் நபர் மதிப்பீடு நடத்த முற்பட்டபோது ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்ததில் நியாயம் இருந்தது. துணை செய்ய யாரும் வராத வகுப்புக்கு அளந்து பார்க்க மட்டும் ஆள் வந்தால், வருபவர் மீது நம்பிக்கை எப்படி வரும்?

இத்தனைக்கும், வேண்டிய மனிதர் நம் அமைப்பில் ஏற்கெனவே இருக்கிறார். வட்டார வளமையத்தின் ஆசிரியர் பயிற்றுநர், இந்தப் பணிக்கென்றே உருவாக்கப்பட்டவர். அவருடைய நாள் எமிஸ் என்னும் பள்ளித் தகவல் தளத்தின் விவரங்களைச் சரிபார்ப்பதிலும், கூட்டங்களிலும், மேலிருந்து கேட்கப்படும் அறிக்கைகளிலும் கழிகிறது. பள்ளிக்குப் போகும் நாளிலும் பதிவேடுகளைப் பார்க்கவே நேரம் சரியாகிறது. ஒரு பாடவேளை முழுக்க வகுப்பின் ஓரத்தில் உட்கார அவருக்கு நேரம் தரப்படவில்லை.

நேரில் பார்த்துப் பேசிக் கற்பது நமக்குத் தெரியாத வழியல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வேரூன்றியபோது, மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் ஆசிரியர்களை ஆந்திராவிலுள்ள ரிஷிவேலிப் பள்ளிக்கு அனுப்பினார். அவர்கள் கற்றல் அட்டைகளையும் கற்றல் ஏணியையும் கொண்டு நடக்கும் வகுப்பை நேரில் பார்த்தார்கள். அங்கே கற்பிப்பவர்களோடு பேசினார்கள். பிறகு மாநிலம் முழுவதும் விரிந்தபோது அட்டைகள் எல்லாப் பள்ளிக்கும் போய்ச் சேர்ந்தன. அந்தப் பார்வையும் பேச்சும் அதே அளவில் போய்ச் சேரவில்லை.

ஆகவே என் முன்மொழிவு கைக்கணினிகளை ஒதுக்குவதல்ல. அவற்றின் வேலையை மாற்றுவது. ஸ்டான்ஃபோர்டில் அரிதாக இருந்த வீடியோப் பதிவு இன்று ஒவ்வொரு ஆசிரியரின் கையிலும் இருக்கிறது. ஆசிரியர் தானே தேர்ந்தெடுத்த ஆறு நிமிடத்தைப் பதிவு செய்யட்டும். ஆசிரியர் பயிற்றுநர் வரும் நாளில் இருவரும் சேர்ந்து அதைப் பார்க்கட்டும். பதிவு ஆசிரியருக்கே உரியதாக இருக்க வேண்டும். மேலதிகாரிக்கு அனுப்பவோ தரவரிசைக்கோ பயன்படுத்தக் கூடாது. குழந்தைகளின் முகம் எந்தச் சேவையகத்துக்கும் போகக் கூடாது. இந்த நிபந்தனைகள் எழுத்தில் இல்லாவிட்டால் இது இன்னொரு கண்காணிப்புக் கருவியாகிவிடும், ஆசிரியர்களும் மறுப்பார்கள், மறுக்கவும் வேண்டும்.

இதைச் சோதித்தே ஏற்க வேண்டும். சில ஒன்றியங்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரிக்கலாம். ஒரு பிரிவில் இப்போதுள்ள அடுக்குமுறைப் பயிற்சி தொடரட்டும். இரண்டாவதில் அதோடு தொலைவழித் துணை சேரட்டும். மூன்றாவதில் ஆசிரியர் பயிற்றுநரிடமிருந்து எமிஸ் வேலையை முற்றிலும் எடுத்துவிட்டு, மாதம் ஒருமுறை ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பாடவேளை அமரும் பொறுப்பைத் தரலாம், அதற்கான பயணப்படியோடு. எடுக்கப்பட்ட தரவு வேலைக்குத் தனியாக ஆள் வைக்கும் செலவும் மூன்றாம் பிரிவின் கணக்கிலேயே சேர வேண்டும். இல்லையென்றால் ஒப்பீடு நேர்மையாகாது. முடிவை மூன்றாம் ஆண்டு இறுதிக்கு முன் அறிவிக்கக் கூடாது. அளக்கும்போது பயிற்சி நடந்த பாடத்தோடு மற்றப் பாடங்களையும் சேர்த்தே அளக்க வேண்டும்.