எதுக்குப்பா சத்திரத்துல தங்கற?

ஆபீஸில் ஆணி கொஞ்சம் அதிகம். அதனால் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே ரொம்ப நாளாகிவிட்டது. இந்த முறை சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மே மாதம் வீட்டில் எல்லோரும் பெங்களூர் போயிருந்தார்கள். பிராங்க்பர்ட்டில் நான் மட்டும். பன்னிரண்டு நாள் லீவு பாக்கி இருந்தது. நாற்பத்தாறு வயதில் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டேன். ரயில், ஹாஸ்டல், ரொட்டி, மறுபடியும் ரயில். ஆறு பேர் படுக்கும் அறையில் மேல் பெர்த். கூடப் படுத்தவர்கள் எல்லாம் என் பையன் வயது. பேங்க் ஆபீசர் என்று சொன்னதும் ஒரு பிரெஞ்சுப் பையன் எழுந்து உட்கார்ந்து மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிட்டான் :-)

மர்பி டவுனில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு விவரம் சொன்னேன். அம்மா கேட்டது ஒரே கேள்வி.

"ஏம்பா, கை நெறய சம்பாதிக்கற. எதுக்குப்பா சத்திரத்துல போய்த் தங்கற?"

ஹாஸ்டல் என்று நான் சொன்னதை அம்மா சத்திரம் என்று மொழிபெயர்த்துக்கொண்டார். சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். ஆனால் அந்த வார்த்தை பயணம் முழுக்கக் கூடவே வந்தது. பி.காம் படித்தவனுக்கு வரலாறு எதற்கு என்று கேட்காதீர்கள். ஒரு கணக்கை இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

முதலில் ஹாஸ்டல் பக்கம்.

ஜெர்மனியில் லென்னே ஆற்றங்கரையில் ஆல்டெனா என்று ஒரு சின்ன ஊர். மேலே பழைய கோட்டை. 1900களில் இங்கே ரிச்சர்ட் ஷிர்மன் என்ற பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். கரியும் இரும்புமாகப் புகைந்த தொழிற்பகுதி அது. பசங்களை நான்கு சுவருக்குள் அடைக்காமல் காட்டுக்கும் மலைக்கும் நடத்திக் கூட்டிப்போவது இவர் வழக்கம். 1909 ஆகஸ்டில் அப்படி ஒரு நெடுநடைப் பயணத்தில் இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. ஒதுங்கக் கிடைத்தது ஒரு பள்ளிக்கூடக் கட்டடம், கீழே விரிக்க வைக்கோல். பசங்க தூங்கிவிட்டார்கள், வாத்தியார் தூங்கவில்லை. லீவு நாளில் காலியாகக் கிடக்கும் பள்ளிக்கூடங்களை நடந்து வரும் பிள்ளைகளுக்கு ராத்தங்கத் திறந்துவிட்டால் என்ன என்று யோசித்தார். முதலில் தன் பள்ளி வகுப்பறையிலேயே ஆரம்பித்தார். 1912ல் ஆல்டெனா கோட்டைக்குள் ஹாஸ்டல் வந்தது. உலகத்தின் முதல் இளைஞர் விடுதி என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

நான் அங்கே ஒரு ராத்திரி தங்கினேன். மலையின் உள்ளே குடைந்து 2014ல் லிப்ட் வைத்திருக்கிறார்கள், மூச்சு வாங்காமல் மேலே போகலாம். அந்தப் பழைய ஹாஸ்டலின் அறைகளை மியூசியமாக அப்படியே வைத்திருக்கிறார்கள். மூன்று அடுக்கு மரக் கட்டில்கள். நம்ம ஊர் செகண்ட் கிளாஸ் ஸ்லீப்பருக்குத் தாத்தா மாதிரி இருந்தது.

இப்போது சத்திரம் பக்கம்.

அம்மா சொன்னதில் தப்பில்லை. நடந்து வருகிறவனுக்கு ராத்தங்க இடம் கொடுப்பதில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். ராணி மங்கம்மாள் ஆள ஆரம்பித்தது 1689ல். காசிக்குப் போகிறவர்களுக்கு நகரத்தார் சத்திரம். பெங்களூர் சிட்டி ஸ்டேஷன் பக்கத்தில் குப்பி தோட்டதப்பா 1903ல் திறந்த சத்திரம். இன்று பெங்களூரில் சவுல்ட்ரி என்றால் கல்யாண மண்டபம்தான். வழிப்போக்கர் போய் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள்.

தஞ்சை மராட்டியர்கள் இதில் எல்லோரையும் மிஞ்சியவர்கள். ராமேஸ்வரம் போகும் பாதையில் வரிசையாகச் சத்திரங்கள். 1799ல் கம்பெனிக்காரர்கள் நாட்டு நிர்வாகத்தை எடுத்துக்கொண்ட பிறகு, சத்திரங்களையாவது என் கையில் விடுங்கள் என்று இரண்டாம் சரபோஜி 1801ல் தஞ்சாவூர் ரெசிடெண்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அங்கே என்னவெல்லாம் நடக்கிறது என்று பட்டியல் போடுகிறார். வருகிறவர்களுக்குச் சோறு. உடம்பு சரியில்லாதவருக்கு வைத்தியர், மருந்து. கர்ப்பிணிக்குப் பிரசவம் ஆகும்வரை கவனிப்பு. அநாதைக் குழந்தைகளுக்குப் படிப்பு. யாராவது அங்கேயே இறந்துபோனால் அவர் வழக்கப்படி ஈமக்கடன். ஆல்டெனாவுக்கு நூறு வருஷம் முந்தைய ஏற்பாடு இது. ஷிர்மன் படித்திருந்தால் நோட்டு எடுத்திருப்பார்.

அதே கடிதத்தில் இரண்டு விஷயம் இருக்கிறது. பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கருக்கும் சோறு போடுகிறோம் என்கிறார் ராஜா. கூடவே, சமைத்த சோறு வேண்டாதவர்களுக்கு அரிசியும் சாமானும் கொடுத்துவிடுவோம் என்றும் சொல்கிறார். கணக்குப் பார்க்கிறவன் கண் இரண்டாவது வரியில்தான் நிற்கும். அடுத்தவன் கை பட்ட சோற்றைச் சாப்பிட மாட்டேன் என்பவருக்கும் அந்தச் சத்திரத்தில் இடம் இருந்தது. நல்லது செய்த இடத்திலும் சாதிக்கு ஒரு தனி அடுப்பு.

அதுவே ராஜா வீட்டுச் சத்திரம். மற்ற சத்திரங்கள் பலவற்றில் நிலைமை வேறு. இங்கேதான் என் தாத்தா வருகிறார்.

மர்பி டவுன் தெரியாதவர்களுக்கு: அல்சூர் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி, ஓல்டு மெட்ராஸ் ரோடு பக்கம். முன்பு நாக்ஸ்பேட்டை என்று பெயர். பிறகு கண்டோன்மெண்ட் என்ஜினீயர் ஒருவரின் பெயர் வந்தது. 1809ல் பெங்களூரில் பட்டாளம் இறங்கியதிலிருந்து கொத்தனார், தோட்டக்காரர், சமையல்காரர், பட்லர் என்று வடஆற்காடு பக்கமிருந்து நம்மவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1864ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலும் வந்துவிட்டது. அம்மாவின் அப்பாவும் அந்த வழியில் வந்தவர். வெள்ளைக்கார வீடுகளுக்குச் சுவர் எழுப்பிய கொத்தனார்.

அவருக்குக் கல்யாணமாகி முதல் குழந்தை பிறந்த வருஷம் (என் பெரிய மாமா), ஊரில் ஒரு விசேஷத்துக்குக் கிளம்பினார்கள். ரயிலை விட்டு இறங்கும்போது இருட்டிவிட்டது. நல்ல மழை. ஊருக்குப் போகும் வண்டி போய்விட்டது. குழந்தைக்குக் காய்ச்சல். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சத்திரம், உள்ளே விளக்கு எரிந்தது. தாத்தா திண்ணையில் ஏறினார். உள்ளிருந்து வந்தவர் கேட்டது, "நீங்க என்ன ஆளுங்க?"

தாத்தா பொய் சொல்லவில்லை. பின்பக்கம் மாட்டுக் கொட்டகை இருக்கிறது, அங்கே போய்ப் படுங்கள் என்று பதில் வந்தது. தாத்தா ஒன்றும் பேசாமல் இறங்கி ஸ்டேஷனுக்கே திரும்பினார். ராத்திரி முழுக்கப் பாட்டியின் புடவையை நான்காக மடித்துக் குழந்தைக்குப் போர்த்தி, தான் மழைச் சாரல் பக்கம் உட்கார்ந்திருந்தாராம். மாமா பிழைத்துக்கொண்டார், வேலைக்குப் போய் ரிடையரும் ஆனார். அந்த ராத்திரியைப் பற்றித் தாத்தா வாய் திறந்ததே இல்லை. பாட்டி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

இத்தனைக்கும் அப்போது சட்டம் சும்மா இருக்கவில்லை. பொதுச் சாலை, கிணறு, குளம், பொது இடங்கள் எல்லாம் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் 1924ல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். அடுத்த வருஷம் கெசட்டிலும் வந்தது. கெசட் அந்தத் திண்ணை வரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான். 1950ல் அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவும் 17ஆவது பிரிவும் வந்தன. 1955ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் தர்மசாலை, சராய் என்று பெயர் சொல்லியே கதவைத் திறந்தது.

எங்கள் அம்மாவின் கல்யாணம் அல்சூரில் ஒரு சவுல்ட்ரியில் நடந்தது. தாத்தா மணமேடைப் பக்கம் அதிகம் வரவில்லையாம். ராத்திரி முழுக்க வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்த எல்லோரையும் "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம்.

நிற்க. ஜெர்மன்காரர்கள் மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை.

1930களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஹாஸ்டல்கள் 2,000ஐத் தாண்டியிருந்தன. 1932ல் ஆம்ஸ்டர்டாமில் பல நாட்டுச் சங்கங்கள் கூடி சர்வதேச அமைப்பு தொடங்கின, ஷிர்மன் தலைவர். அடுத்த வருஷம் நாஜிகள் வந்தார்கள். ஹாஸ்டல்கள் ஹிட்லர் இளைஞர் படையின் கைக்குப் போயின. ஷிர்மன் ஓரங்கட்டப்பட்டார், 1936ல் சர்வதேசத் தலைவர் பதவியையும் விடவேண்டி வந்தது. யூதப் பிள்ளைகளுக்குக் கதவு மூடியது. "நீங்க என்ன ஆளுங்க?" என்ற அதே கேள்விதான், ஜெர்மன் மொழியில். போர் முடிந்த பிறகு, எழுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் மறுபடியும் அடியிலிருந்து கட்ட ஆரம்பித்தார். 1961ல் காலமானார்.

அந்தக் காலத்து ஐரோப்பாவில்தான் ஒரு தமிழர் தனியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். கோட்டையூர் ஏ.கே. செட்டியார். 1911ல் பிறந்தவர். பர்மாவில் பத்திரிகை நடத்தி, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் போட்டோகிராபி படித்தவர். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில், காந்தியைப் பற்றி ஒரு டாகுமெண்டரி எடுப்பது என்று முடிவு செய்தார். அப்போது வயது இருபத்தாறுகூட முடியவில்லை. பிறகு ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா, இந்தியா என்று ஏறக்குறைய மூன்று வருஷம் அலைச்சல். யாரோ எடுத்து எங்கோ பெட்டியில் கிடந்த பிலிம் சுருள்களைத் தேடித் தேடி 50,000 அடி சேர்த்தார். அதிலிருந்து 12,000 அடிப் படம் 1940 ஆகஸ்டில் சென்னையில் வெளியானது. அதற்குள் ஐரோப்பாவில் போர் மூண்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது.

ஊர் ஊராக விடுதி கட்டி வைத்த சமூகத்தில் பிறந்தவர் அவர். காசிக்குப் போனால் அவருக்கு இடம் உண்டு. டப்ளினில் எந்த நகரத்தார் விடுதி இருந்தது? முன்பின் தெரியாதவர் கதவைத்தான் அவரும் தட்டியிருக்க வேண்டும். நம் ஊரில் தங்க இடம் உள்ளவர், இல்லாதவர் என்ற பேதம் எல்லை தாண்டியதும் கரைந்துவிடுகிறது. அங்கே எல்லோரும் தாத்தா மாதிரி திண்ணையில் நிற்கிறவர்கள்தான்.

எனக்கு என்ன நடந்தது? ஆல்டெனாவில் வரவேற்பு மேஜையில் ஒரு பெண் மெம்பர் கார்டைப் பார்த்தார், பணம் வாங்கினார், படுக்கை விரிப்பையும் உறையையும் கையில் கொடுத்து, நீங்களே விரித்துக்கொள்ள வேண்டும் என்றார். அவ்வளவுதான். விரிப்பைக் கட்டிலில் இழுத்துச் சொருகும்போது பாட்டியின் நான்காக மடித்த புடவை ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இதோடு முடித்திருந்தால் நல்ல கதை. ஆனால் கணக்கு இன்னும் டேலி ஆகவில்லை.

அதே மாதம் அக்கா பையனையும் வரச் சொல்லியிருந்தேன். இருபத்திரண்டு வயது, மர்பி டவுனில் வளர்ந்தவன், படித்து முடித்து வேலையில் சேர்ந்து எட்டு மாதம். இரண்டு பேரும் சேர்ந்து சுற்றுவதாகத் திட்டம். ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ கட்டினான், ஹாஸ்டல் புக்கிங் எல்லாம் வைத்தான். மறுத்துவிட்டார்கள். பேங்க் ஸ்டேட்மெண்டில் இருப்பு போதவில்லை, திரும்பிப் போவான் என்ற நம்பிக்கை இல்லை.

"இருபது வருஷமா நீங்க எல்லாருக்கும் ஸ்டேட்மெண்ட் அடிச்சுக் குடுத்தீங்களே மாமா, எனக்கு மட்டும் பத்தலையா?" என்று போனில் சிரித்துக்கொண்டே கேட்டான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

உண்மைதான். பெங்களூர் கிளையில் இருந்தபோது விசாவுக்காக எத்தனை பேலன்ஸ் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டிருப்பேன்! அது வெறும் காகிதம் என்றுதான் நினைத்தேன். திண்ணையில் கேட்கப்படும் கேள்விக்கு அதுதான் இன்றைய பதில் என்று தோன்றவே இல்லை. சாதி கேட்பதும் இருப்பு கேட்பதும் ஒன்றல்ல, எனக்குத் தெரியும். இருப்பு ஏறும். தாத்தாவுக்கு ஏற்றிக்கொள்ள எதுவும் இல்லை. ஒரு நாடு தன் வாசலில் விவரம் கேட்பதிலும் தப்பில்லை. இருந்தாலும், ஹாஸ்டலில் கட்டில் காலியாக இருந்தது, வரவேண்டியவன் வெளியே நின்றான் என்பதும் உண்மை.

பையன் மறுபடியும் விண்ணப்பம் போடுகிறான். இந்த முறை ஸ்பான்சர் நான். தங்கும் இடம் என்ற கட்டத்தில் என் பிராங்க்பர்ட் வீட்டு முகவரியை எழுதச் சொல்லியிருக்கிறேன்.

விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அவன் வர்ற அன்னிக்கு ஸ்டேஷனுக்கு நீயே போய் நில்லுப்பா" என்றார்.

ஸ்டேஷன் இல்லைம்மா, ஏர்போர்ட் என்று திருத்த வாய் வந்தது. திருத்தவில்லை.