பிராது கட்டும் ஊரில் மனநல ஆலோசனை: விருத்தாசலத்தை முன்வைத்து

பண்பாட்டுக்கு இசைந்த மனநல ஆலோசனையைப் பற்றிய விவாதங்கள் நம் ஊரில் பெரும்பாலும் நம்பிக்கைகளோடு நின்றுவிடுகின்றன. பேய் பிடித்திருக்கிறது, செய்வினை வைத்துவிட்டார்கள், ஏழரைச் சனி நடக்கிறது என்று வருகிறவர் சொன்னால் ஆலோசகர் மறுக்க வேண்டுமா, தலையாட்ட வேண்டுமா என்பதே கேள்வியாக இருக்கிறது. துன்பம் எதனால் வந்தது என்று மக்கள் நம்புவதைக் காட்டிலும், அந்தத் துன்பத்தை அவர்கள் யாரிடம், எந்த முறையில், என்ன கேட்டு எடுத்துச் செல்கிறார்கள் என்பதே ஆலோசகருக்கு அதிகம் பயன்படும் செய்தி என்று இக்கட்டுரை வாதிடுகிறது. நம்பிக்கையை ஒருவர் ஒளித்துவைக்கலாம், மாற்றிச் சொல்லலாம். முறையை அப்படி மறைக்க முடியாது, கண்ணெதிரே நடக்கிறது.

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் வெளியூரார்க்குப் பீங்கான் ஊர். நெய்வேலி வட்டாரத்துக் களிமண்ணை நம்பி எழுந்த பீங்கான் தொழிற்பேட்டை, அதில் அகல்விளக்கு, பொம்மை, மின் பியூஸ் கட்டை செய்யும் சிறு பட்டறைகள், அவற்றைச் சுற்றி முந்திரியும் நிலக்கடலையும் விளையும் கிராமங்கள். உள்ளூரார்க்கு அது பழமலைநாதர் ஊர். ஊரையொட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் என்ற பெயரில் முருகன் இருக்கிறார். உருவச் சிலை கிடையாது. பலிபீடம் போன்ற வடிவம்தான் மூலவர். அங்கே நடக்கும் பிராது கட்டுதல்தான் இந்தக் கட்டுரைக்குப் பொருள்.

குறை உள்ளவர் அதை ஒரு தாளில் எழுதுகிறார். பெயரும் ஊரும் எழுத வேண்டும். யாரால் என்ன குறை, என்ன வேண்டும் என்று எழுத வேண்டும். கோயிலில் அதற்குக் கட்டணம் உண்டு. எழுதியவரின் ஊர் எவ்வளவு தொலைவு என்று கணக்கிட்டுப் படிப்பணமும் கட்ட வேண்டும். சம்மன் கொண்டுபோகிறவருக்கு வழிச்செலவு கொடுப்பது போன்ற ஏற்பாடு. சுவாமி முன் வைத்த தாளை முனியப்பர் சந்நிதிச் சூலத்தில் கட்டுகிறார்கள். மூன்று மாதத்துக்குள் தீர்வு கிடைக்கும் என்பது நம்பிக்கை. கிடைத்ததும் திரும்பி வந்து பிராதை ராஜினாமா செய்துவிட்டு, அதாவது திரும்பப் பெற்றுக்கொண்டு போக வேண்டும், செய்யாமல் விடக்கூடாது. களவு, கடன், கல்யாணத் தடை, குழந்தையின்மை, தீராத நோய், பங்காளிச் சண்டை, குடித்துவிட்டு அடிக்கும் கணவன் என எல்லாமே பிராதுக்குள் அடங்கும். தம் இயற்பெயரில் இவ்வூரைச் சுமந்த புதுமைப்பித்தன், ஒரு கதையில் கடவுளைக் கந்தசாமிப் பிள்ளை வீட்டுக்கு விருந்தாளியாக அழைத்து வந்தார். மணவாளநல்லூரில் கடவுள் மனு வாங்கும் அதிகாரி.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவதும், பாரம்பரிய உளவியல் என்று தூக்கிப் பிடிப்பதும் ஒரே அளவுக்குச் சோம்பேறித்தனம். முறையைப் பிரித்துப் பார்த்தால் நான்கு செய்திகள் தென்படுகின்றன. துன்பம் இங்கே ஒருவரின் உடலுக்குள் இருக்கும் கோளாறாகப் பதிவாவதில்லை. இருவருக்கிடையில் நடந்த ஒன்றாகப் பதிவாகிறது. அதைச் சொல்கிறவர் நோயாளி ஆவதில்லை, வாதி ஆகிறார், வாதிக்கு வெட்கமில்லை. தீர்வுக்கு ஒரு தவணை இருக்கிறது. கடைசியாக, முடிவுக்கென்று ஒரு சடங்கு இருக்கிறது. நம் மருத்துவமனைகளின் ஆலோசனை அறைகளில் மிகவும் குறைந்திருப்பது இந்தக் கடைசி இரண்டும்தான். வருகிறவர் இரண்டு முறை வந்து நின்றுவிடுகிறார். பதிவேட்டில் ‘தொடரவில்லை’ என்று எழுதப்படுகிறது. தேறிவிட்டதால் நின்றாரா, பேருந்துக்குக் காசில்லாமல் நின்றாரா, கசந்துபோய் நின்றாரா என்று அந்த ஒரு சொல்லிலிருந்து யாரும் அறிய முடியாது.

இந்திய மரபுக்கேற்ற சிகிச்சை உறவு எது என்ற கேள்விக்கு மனநல மருத்துவர் ஜே. எஸ். நேக்கி 1973இல் ஒரு விடை சொன்னார்: குரு–சீடர் உறவு. மேலை நாட்டுச் சிகிச்சையாளர் காக்கும் விலகல் இங்கே ஒட்டாது. வழிகாட்டும், உரிமையோடு கண்டிக்கும் குருவைத்தான் இந்திய மனம் தேடுகிறது என்பது அவர் கருத்து. அரை நூற்றாண்டாக மேற்கோள் காட்டப்படும் அந்த விடை விருத்தாசலத்துக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. குருவைத் தேடுகிறவர் தன்னை மாற்றிக்கொள்ள வருகிறார். பிராது கட்டுகிறவர் அப்படி வருவதில்லை. மாற வேண்டியது எதிராளி, அல்லது நிலைமை. தனக்கு வேண்டியது நியாயம் என்றே வருகிறார். அவரை முதல் நாளே ‘உங்கள் எண்ணங்களை எப்படி மாற்றிக்கொள்வது என்று பார்ப்போம்’ என்று வரவேற்றால், தீர்ப்பு தனக்கு எதிராகப் போய்விட்டது என்றுதான் அவர் காதில் விழும்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் தன் நோய்கண்டறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்போடு பண்பாட்டு நேர்காணல் ஒன்றை வெளியிட்டது. 16 கேள்விகள். உங்கள் சிக்கலை நீங்கள் என்னவென்று அழைக்கிறீர்கள், அது ஏன் வந்தது என்று நினைக்கிறீர்கள், உங்களைச் சேர்ந்தவர்கள் என்ன நினைக்கிறார்கள், எந்த உதவி பயன்படும் என்றெல்லாம் அது கேட்கிறது. நல்ல கேள்விகள், தமிழில் பயன்படுத்தத் தக்கவையும்கூட. யார் மீது உங்கள் குறை, அவரிடம் என்ன கேட்கிறீர்கள், எத்தனை நாளில் என்று அது நேரடியாகக் கேட்பதில்லை. மணவாளநல்லூரில் ஒரு வெள்ளைத் தாள் கேட்பது இந்த மூன்றைத்தான்.

ஜிம்பாப்வேயின் ‘நட்பு பெஞ்ச்’ திட்டத்தை இங்கே நினைப்பது உதவும். மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் ஹராரேயில் தொடங்கியது. சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மரப்பெஞ்சு. அதில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பாட்டிமார்கள். வருகிறவர் தம் சிக்கல்களையெல்லாம் சொன்னபின் அவற்றில் ஒன்றைத் தேர்ந்து, அதைத் தீர்க்க என்ன செய்யலாம் என்று இருவரும் திட்டமிடுகிறார்கள். ஆறு அமர்வுகள். 573 பேரைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவுகள் 2016இல் வெளிவந்தன. வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களைவிட பெஞ்சுக்கு வந்தவர்களின் மனச்சோர்வுக் குறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன. ஒரு சிக்கல், ஒரு தவணை, பேசத் தெரிந்த ஒரு மூத்த ஆள்: இந்த மூன்றும் நம் ஊருக்குப் புதியவை அல்ல.

கோயிலே மருந்தா என்ற கேள்விக்கும் சான்று இருக்கிறது. மனநல மருத்துவர் ரகுராமும் அவர் குழுவினரும் தமிழகத்தின் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். மருந்தில்லை, சிறப்புச் சடங்குமில்லை. தங்கியிருந்து கோயில் வேலைகளில் கைகொடுத்தார்கள், அவ்வளவே. நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆட்கள் குறைவு, ஒப்பிட வேறு குழு இல்லை என்பதை மறக்கக்கூடாது. ஆனால் அடக்கமும் அரவணைப்பும் உள்ள இடம் தன்னளவில் ஏதோ செய்கிறது என்ற முடிவை எளிதில் தள்ளவும் முடியாது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். அதுவும் வழிபாட்டுத் தலத்தை நம்பி வந்தவர்களின் கதைதான். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தடை செய்கிறது. பண்பாட்டை மதிப்பது என்ற பெயரில் இந்த இரண்டு இடங்களையும் ஒரே தராசில் வைக்கிற எழுத்துகளைப் படிக்கும்போது எரிச்சல் வருகிறது.

பிராது முறையைக் கண்ணை மூடிக்கொண்டு ஆலோசனை அறைக்குள் கொண்டுவரவும் முடியாது. கொளஞ்சியப்பர் குறுக்கு விசாரணை செய்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவர் வழியே தன்னை வேவு பார்க்கிறார் என்று எழுதுகிறவருக்கும், உண்மையிலேயே நிலத்தை இழந்தவருக்கும் சூலத்தில் ஒரே இடம்தான். முதலாமவருக்கு மருத்துவர் வேண்டும். எதிராளியின் பெயரை எழுதச் சொல்வது அவர் சந்தேகத்துக்கு முத்திரை குத்துவதாகும். எதிராளியே இல்லாத துன்பமும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது இந்த மாவட்டத்து முந்திரித் தோப்புகள் சாய்ந்தன. ஒரு தலைமுறை வைத்து வளர்த்த மரத்துக்கு யார் மேல் பிராது கட்டுவது? அப்படிப்பட்ட நேரத்தில் வீடுகள் ஓர் எதிராளியைத் தேடிக்கொள்கின்றன. புதிதாய் வந்த மருமகள் ‘வந்த நேரம்’ சரியில்லை என்றாகிவிடும். குறையை ஆள்மேல் ஏற்றும் வழக்கத்துக்கு இருக்கும் இந்தக் கெட்ட முகத்தை ஆலோசகர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். யார் மீது குறை என்று கேட்கும் அவரே, அந்தக் குறை அந்த எதிராளிமேல் நிற்குமா என்றும் கூட உட்கார்ந்து பார்க்க வேண்டியவர்.

குடும்பத்துக்கு வருவோம். இந்திய மனநலத் துறை குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்ததில் முன்னோடி. அமிர்தசரஸில் வித்யா சாகர் 1950களிலேயே நோயாளிகளின் உறவினரை மருத்துவமனை வளாகத்தில் கூடாரமடித்துத் தங்கவைத்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் குடும்பத்தோடு தங்கும் முறையையே அடிப்படையாக்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போருக்குப் பின் ஆற்ற வேண்டியது தனி மனங்களை மட்டுமல்ல, குலைந்த குடும்பத்தையும் ஊரையும்தான் என்று வாதிட்டார். இவை அனைத்தும் குடும்பம் ஆறுதல் தரும் இடம் என்று எடுத்துக்கொள்கின்றன. விருத்தாசலத்தில் அந்த எடுகோள் பாதிதான் நிற்கும்.

விருத்தாசலத்தில் வாழும் இமையம் எழுதிய ‘செல்லாத பணம்’ நாவல் தீக்காயப் பிரிவின் வாசலில் ஒரு குடும்பத்தை நிறுத்துகிறது. பெற்றோர் எதிர்த்த திருமணம் செய்துகொண்ட மகள் உள்ளே வெந்து கிடக்கிறாள். பணம் வைத்திருக்கும் பெற்றோர் வெளியே நிற்கிறார்கள். பாசம் குறைந்த குடும்பம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. பேச வேண்டிய ஆண்டுகளில் பேசாமலிருந்த குடும்பம் அது. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்த நாவலைக் குடும்ப ஆலோசனை கற்பிக்கும் எந்தப் பாடத்திட்டமும் சேர்த்துக்கொள்ளலாம்.

அதற்கும் அப்பால் ஓர் உண்மை இருக்கிறது. விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலை 8 அன்று, சாதி மறுத்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட கண்ணகியும் முருகேசனும் நஞ்சு ஊற்றிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். கொன்றவர்களில் பெண்ணின் தந்தையும் அண்ணனும் இருந்தார்கள். காவல்நிலையம் புகாரை உரிய நேரத்தில் ஏற்கவில்லை. வழக்கு பின்னர் சிபிஐ வசம் போனது. 2021இல் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் இருவர் காவல்துறையினர். உயர் நீதிமன்றத்தில் நிலைத்த தண்டனைகளை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் உறுதி செய்தது. இடையில் 22 ஆண்டுகள் ஓடிவிட்டன.

குடும்பத்தை மையமாக வைக்கும் ஆலோசனைக்கு இந்த வழக்கு தரும் பாடம் கடுமையானது. ஒரு பெண் தன் விருப்பத் திருமணத்தால் வந்த அச்சத்தோடு ஆலோசகரிடம் வந்தால், ‘அப்பா அம்மாவையும் அழைத்து வாருங்கள், கலந்து பேசலாம்’ என்பது பண்பாட்டு உணர்வு போலத் தோன்றும். அது அவள் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுப்பதாகவும் முடியலாம். ஆணவக் கொலைகள் குறித்த சக்தி வாகினி வழக்கில் 2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் தனிப் பிரிவும் பாதுகாப்பு இல்லங்களும் வேண்டும் என்று சொன்னதை ஆலோசகர் மனத்தில் வைத்திருக்க வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தரும் இரகசிய உரிமை உறவினருக்கு எதிராகவும் செல்லும். ஆகவே முதல் அமர்வு எப்போதும் தனியாக. குடும்பத்தை யார் அழைப்பது, எவரை அழைப்பது என்பது வந்தவர் முடிவு.

அனைத்து மகளிர் காவல் நிலையங்களில் நடக்கும் ‘கவுன்சிலிங்’ இந்த அளவுகோலில் தேறாது. மனு கொடுத்த பெண்ணையும் கணவனையும் எதிரெதிரே உட்காரவைத்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவது சமரசம்; அதற்கு ஆலோசனை என்று பெயர் வைத்ததால் உண்மையான ஆலோசனையின் மீதும் மக்கள் அவநம்பிக்கை கொண்டுவிட்டார்கள்.

விருத்தாசலத்துக்கு வேண்டியது பெரிய கட்டடமல்ல. அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் நடக்கும் ஆலோசனைக்கு ஒரு புதிய முதல் பக்கம் போதும். யார் மீது குறை, என்ன வேண்டும், எத்தனை நாளில் என்ற மூன்று கேள்விகள். வந்தவர் கையெழுத்திலேயே, எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல. மூன்று மாதத் தவணை. தவணை முடிவில் ஒரு முடிப்புச் சந்திப்பு: தீர்ந்ததா, பாதி தீர்ந்ததா, வேறிடம் போக வேண்டுமா. பட்டறையில் நாட்கூலிக்குப் போகிறவர்கள் காலை நேரப் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. மாலையில் இரண்டு மணி நேரம் திறந்திருந்தால் அவர்கள் வருவார்கள். இடையில் மனம் தாங்காதபோது அழைக்க 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. அந்த எண்ணை அந்த முதல் பக்கத்தின் மேலேயே பெரிதாக அச்சிடலாம். மனச்சிதைவு, கடும் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றின் குறி தென்பட்டால் தவணைக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டின் மாற்ற முடியாத விதி.

இதைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பை அருகிலிருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உளவியல் மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஒரு நிபந்தனையோடு. சூலத்தில் கட்டிய தாள்களைப் பிரித்துப் படித்துத் தரவு சேர்க்கக் கூடாது. அவை ஆய்வாளருக்கு எழுதப்பட்டவை அல்ல. ராஜினாமா செய்ய வருகிறவர்களிடம், அவர்கள் சம்மதித்தால், என்ன தீர்ந்தது, எப்படித் தீர்ந்தது என்று கேளுங்கள். ராஜினாமா செய்ய வராதவர்கள் எங்கே போனார்கள் என்பதையும் தேடுங்கள்.