ஆறு ஆட்டங்கள்: ஜோ கில்லியமும் "தகுதி" என்ற சொல்லும்

திணறுகிற வீரரோடு நிற்பதா, பயிற்சியாளர் அவரை மாற்றியது சரி என்பதா? அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் ஓயாமல் போடும் சண்டை இது. பெரும்பாலும் அது குவாட்டர்பேக் என்ற ஒரே ஆளைச் சுற்றியே நடக்கும். ஒவ்வொரு முறையும் பந்து அவர் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று நொடியில் முடிவெடுப்பவர் அவர்.

அதனால்தான் அது "மூளை வேலை" எனப்பட்டது. கறுப்பின வீரர்களை ஓடவும் மோதவும் சேர்த்துக்கொண்ட அணிகள், அந்த ஓர் இடத்தை மட்டும் வெகுகாலம் வெள்ளையருக்கே ஒதுக்கி வைத்திருந்தன. 1968இல் டென்வர் அணியின் மார்லின் பிரிஸ்கோ, முதல் ஆண்டிலேயே 14 டச் டவுன் பாஸ்கள் எறிந்தார். அடுத்த ஆண்டு அங்கே அவருக்கு அந்த இடம் இல்லை. பஃபலோ அணிக்குப் போய், பந்தைப் பிடிக்கிறவராக ஆடினார்.

இந்தப் பின்னணியில்தான் 1974ஆம் ஆண்டின் பிட்ஸ்பர்க்கைப் பார்க்க வேண்டும்.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் டெர்ரி பிராட்ஷா இருந்தார். வெள்ளையர். 1970இல் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்வு செய்யப்பட்டவர். அந்த முதல் ஆண்டில் அவர் எறிந்த டச் டவுன்கள் 6. எதிரணியிடம் பறிகொடுத்தவை 24. ரசிகர்கள் கூச்சலிட்டார்கள், மூளை இல்லாதவர் என்றார்கள். நிர்வாகம் பொறுத்திருந்தது.

ஜோ கில்லியம் கறுப்பினத்தவர். கறுப்பின மாணவர்களுக்கான டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து, 1972இல் 11ஆவது சுற்றில் எடுக்கப்பட்டவர். 1974 கோடையில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிராட்ஷா வெளியே நின்றார். கில்லியம் பயிற்சிக்குப் போனார். நமக்குச் சங்கடமான செய்திதான், மறைக்க வேண்டியதில்லை. கதவு திறந்தது அப்படித்தான்.

பயிற்சி ஆட்டங்களில் அவர் அசத்தினார். பயிற்சியாளர் சக் நோல் அவரையே முதன்மை குவாட்டர்பேக் ஆக்கினார். முதல் ஆட்டத்தில் பால்டிமோரை 30-0 என்று வென்றார்கள். இரண்டாவதில் டென்வரோடு 35-35 சமன். மூன்றாவதில் ஓக்லண்டிடம் 17-0 தோல்வி. அதன்பின் தொடர்ந்து மூன்று வெற்றிகள்.

இதற்கிடையே அவருக்கு மிரட்டல் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. பிராட்ஷாவை ஏசியவர்கள் அவருடைய ஆட்டத்தை ஏசினார்கள். கில்லியமுக்கு வந்த கடிதங்கள் அவருடைய தோலை ஏசின.

ஆறில் ஒரே தோல்வி. ஆறாவது ஆட்டத்துக்குப் பிறகு நோல் அவரை உட்கார வைத்தார்.

நோலின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்தையே அவர் விரும்பினார். கில்லியமோ எறிந்துகொண்டே இருந்தார். பாஸ்கள் குறி தவறவும் தொடங்கியிருந்தன. கறுப்பினக் கல்லூரிகளைத் தேடிப்போய் வீரர்களை எடுத்த அணி அது. கில்லியமுக்கு அந்த இடத்தைத் தந்தவரும் நோல்தான். பிராட்ஷாவோடு அந்த அணி 1975 ஜனவரியில் சூப்பர் பவுலை வென்றது. வெற்றி வந்ததும் விவாதம் அடங்கியது.

ஆனால் 1974ஆம் ஆண்டின் கணக்கைப் பாருங்கள். கில்லியம் 212 பாஸ்களில் 96ஐச் சேர்த்தார். பிராட்ஷா 148இல் 67. இரண்டுமே 45.3 விழுக்காடு. பறிகொடுத்தவை இருவருக்கும் எட்டு. டச் டவுனில் மட்டும் பிராட்ஷா 7, கில்லியம் 4.

தோழர்களே, நோல் இனவெறியரா என்று கேட்டால் விவாதம் ஒரு தனிமனிதரின் மனசுக்குள் போய் முட்டி நின்றுவிடும். திணறுவதற்கு யாருக்கு எத்தனை ஆண்டு தரப்பட்டது என்று கேட்க வேண்டும். ஒருவர் 24 பாஸ்களைப் பறிகொடுத்தபோது "வளர்கிற பிள்ளை" என்று காத்திருந்தார்கள். இன்னொருவருக்கு ஆறு ஆட்டங்கள். நேற்றைய தவற்றை மன்னித்து இன்னொரு வாய்ப்பு தரும் பொறுமையையும் சேர்த்துத்தான் "தகுதி" உருவாகிறது. அந்தப் பொறுமை சமமாகப் பங்கிடப்படவில்லை.

கில்லியம் 1975க்குப் பிறகு அந்த லீக்கில் ஆடவில்லை. போதைப் பழக்கத்தில் சிக்கினார்; தெருவிலும் வாழ்ந்தார். 2000ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், 49 வயதில் இறந்தார். அந்த வீழ்ச்சி முழுவதையும் ஒரு பயிற்சியாளரின் முடிவில் ஏற்ற முடியாது.

1988 ஜனவரியில் வாஷிங்டன் அணியின் டக் வில்லியம்ஸ், சூப்பர் பவுலை வென்ற முதல் கறுப்பின குவாட்டர்பேக் ஆனார். இரு அணிகளிலும் கறுப்பின குவாட்டர்பேக்குகளே இறங்கிய முதல் சூப்பர் பவுல் நடந்தது 2023இல்.

இனி யாராவது ஒருவரை "வாய்ப்புக் கொடுத்தோம், தேறவில்லை" என்று சொன்னால், இரண்டு எண்களைக் கேளுங்கள். அவருக்கு எத்தனை முறை கொடுத்தீர்கள்? அவருக்கு முன்னால் அதே இடத்தில் இருந்தவருக்கு எத்தனை முறை?