ஒரு வட்டு, இரு பெயர்கள்

1964இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையிலேயே, ஒரே வட்டுக் கட்டுப்பாட்டகத்தை இரு சேனல்கள் வழியே அணுகும் வசதி இருந்தது. ஒரு வழி பழுதுற்றாலும் மற்றொன்று பணியைத் தொடரும்.

1986இல் தரப்படுத்தப்பட்ட ஸ்கஸி வட்டுகள் பரவிய பின், பெயரே சிக்கலாயிற்று. லினக்ஸ் ஒவ்வொரு பாதைக்கும் தனிப்பெயர் இடுவதால், ஒரே வட்டு எஸ்டிஏ, எஸ்டிபி என இரண்டாகத் தோன்றும். ஒருபொருள் குறித்த இரு சொற்களை இரு பொருள்களாகக் கொள்வதைப் போன்றது இது. அவற்றை வெவ்வேறு வட்டுகளாகக் கருதி எழுதினால் தரவு சிதையும். எனவே, வட்டு தானே அறிவிக்கும் நிலையான அடையாள எண்ணை ஒப்பிட்டுப் பாதைகளை ஒன்றிணைக்கும் முறை உருவாயிற்று.

ஆயினும் எல்லா வட்டுகளும் இம்முறைக்குள் அடங்கவில்லை. பெருங்கணினியின் டாஸ்டி வட்டுகளுக்குச் சேனல் அமைப்பே பாதையைத் தேர்கிறது. என்விஎம்இ வட்டுகளுக்கு, 2018இல் வெளிவந்த லினக்ஸ் 4.15 முதல், அவற்றின் இயக்கியே அப்பணியை ஏற்றது. வட்டின் வகையை அறிந்த பின்னரே பாதைகளை இணைத்தல் தகும்.