நம்ம ஊர் வண்டி

ஓய்வுபெற்ற பிறகு பழைய மிட்சுபிஷி சீடியா ஒன்றை வாங்கினேன். "பென்ஷன் பணம் இதுக்கே போகப் போகுது" என்றாள் மனைவி.

1998-ல் திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் லான்சர் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-ல் அங்கிருந்தே சீடியாவும் வந்தது. 2 லிட்டர் எஞ்சின், 115 குதிரைத்திறன். 1996 முதல் 1999 வரை டாமி மாக்கினென் நான்கு முறை உலக ராலிப் பட்டம் வென்ற லான்சர் எவல்யூஷனின் எஞ்சினும் இதே 4ஜி63 குடும்பம்தான். அதில் டர்போ உண்டு, இதில் இல்லை.

இப்போது சீடியா உற்பத்தி இல்லை. உதிரிபாகத்துக்கு அலைய வேண்டும். டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். ஆகவே முதலில் அதை மாற்றினேன். மெக்கானிக் அந்த ஆலையில் வேலை பார்த்தவர். பானெட்டைத் தடவி, "நம்ம ஊர் வண்டி சார், வித்துடாதீங்க" என்றார்.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நாளில் பெஜோ கார் மீதுதான் எனக்கு ஆசை. இன்று யார் கேட்டாலும் இந்தச் சாவியைத் தரமாட்டேன்.