சொட்டும் குழாயும் நம் ஊர்த் தண்ணீரும்

உங்கள் வீட்டில் ஏதாவது ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறதா? எவ்வளவு இறுக்கி மூடினாலும் நிற்க மாட்டேன் என்கிறதா? அதற்குள் இருக்கும் ஒரு சின்ன வட்டத் துண்டுதான் பெரும்பாலும் காரணம். அதற்கு வாஷர் என்று பெயர். அது குழாய்க்குள் வந்த கதையையும், நம் ஊர்த் தண்ணீரின் கதையையும் சேர்த்துப் படியுங்கள்.

அந்தக் காலக் குழாயில் வாஷர் கிடையாது. ரோமானியர் பயன்படுத்திய வெண்கலக் குழாயில் துளையிட்ட ஓர் அச்சு இருக்கும். அதைத் திருப்பினால் திறக்கும், மறுபடி திருப்பினால் மூடும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து நகரங்களில் இரும்புக் குழாய்களில் இடைவிடாத அழுத்தத்தோடு தண்ணீர் வரத் தொடங்கியது. அந்த அழுத்தத்துக்குப் பழைய குழாய் ஒழுகியது. சட்டென்று மூடினால் குழாய் வரிசையே அதிர்ந்தது. 1845இல் ராதர்ஹாம் நகரத்தின் கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்ற பித்தளைப் பட்டறையிலிருந்து, திருகித் திருகி மெல்ல மூடும் குழாய் வந்தது. நம் வீடுகளில் பல சுற்றுத் திருகும் குழாய்கள் எல்லாம் அதன் வழிவந்தவைதான்.

பித்தளையோடு பித்தளை உரசினால் இரண்டும் தேயும். அதனால் நடுவில் மெத்தென்று ஒரு வட்டம் வைத்தார்கள். முன்பு தோலில் வெட்டினார்கள், பிறகு ரப்பர் வந்தது. குழாய் நீண்ட நாள் உழைக்கட்டும் என்று, தான் தேய்வதற்கென்றே இருக்கும் பாகம் அது. ஆகவே குழாய் சொட்டினால் குழாயே போய்விட்டது என்று எண்ண வேண்டாம்.

தோல் வாஷரை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தெருவில் இருந்த அடிபம்புக்குள்ளும் தோல் வாஷர்தான். அது தேய்ந்தால் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் ஏறாது. தோலோ நம் ஊரின் பழைய தொழில். எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் தோல் பதனிடும் ஆலைகளின் உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் நிலத்தடி நீரைக் கெடுத்தது.

இது வேலூர், ஈரோடு பக்கமும் இருந்த சிக்கல். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. நம்மைப் போல ஊர்வாசிகள் சேர்ந்த ஓர் அமைப்பு அது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதற்கான இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்றது நீதிமன்றம். ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அன்று திண்டுக்கல் அண்ணா மாவட்டம் என்று அழைக்கப்பட்ட நம் மாவட்டமும் அந்த ஐந்தில் ஒன்று.

தீர்ப்பு வந்ததும் கிணறு நல்ல கிணறாகிவிடாது. கெட்ட நிலத்தடி நீர் தேற வெகுகாலம் ஆகும். இன்று நம் ஊர் குடிப்பது தொலைவிலிருந்து வரும் தண்ணீர். மலையடிவாரத்தில் இருக்கும் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம், வைகையின் பேரணை, காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று மூன்று பக்கத்திலிருந்து வருகிறது. உங்கள் குழாயில் சொட்டுவது அப்படி வந்த தண்ணீர்.

எவ்வளவு போகிறது என்று நீங்களே பார்க்கலாம். குழாயின் கீழ் ஒரு மணி நேரம் பாத்திரம் வையுங்கள். ஒரு லிட்டர் சேர்ந்தால் நாளுக்கு 24 லிட்டர், ஆண்டுக்கு 8,760 லிட்டர். அதை மாடித் தொட்டிக்கு ஏற்றிய மோட்டாரின் மின்கட்டணம் நம் எல்லோருடைய பராமரிப்புத் தொகையிலும் இருக்கிறது.

சரிசெய்வது எளிது. அந்தக் குழாய்க்கு வரும் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து, உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீரை வடியவிடுங்கள். கைப்பிடியைக் கழற்றி, ஸ்பானரால் மேல்பாகத்தைத் திருகி எடுங்கள். அதன் அடியில் வாஷர் இருக்கும். அதையே கையில் எடுத்துப்போய் ஹார்டுவேர் கடையில் அதே அளவில் வாங்குங்கள். போடும் முன் வாஷர் வந்து உட்காரும் இடத்தில் உப்பு, மணல் இருந்தால் துடைத்துவிடுங்கள். கால் சுற்றில் திறக்கும் புதுக் குழாயாக இருந்தால் உள்ளே பீங்கான் தட்டுகள் இருக்கும். அந்த உள்பாகத்தை முழுதாக மாற்ற வேண்டும். வெள்ளை டேப் சுற்றினால் வாயில் சொட்டுவது நிற்காது. அது மரையில் கசிவதற்குத்தான்.

மாற்றிய பிறகு, தண்ணீர் நிற்கும் அளவுக்கு மட்டும் மூடுங்கள். அதற்கு மேல் இறுக்கினால் வாஷர்தான் வெட்டுப்படும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு இந்த வேலையைச் செய்யுங்கள். அடுத்த தடவை அவர்களே செய்துவிடுவார்கள்.