திண்டுக்கல் கிராமங்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பாய்வு (2000–2006)

முன்னுரை

1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தோன்றியது. 1980களின் தொடக்கத்தில் சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கப்பட்டபோது, பெண்களிடையே முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோயே. 1983இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்டு சூர் ஹவுசனின் குழு, இந்நோய்த் திசுக்களில் 16ஆம் வகை மனிதப் பாப்பிலோமா வைரஸைக் கண்டறிந்தது. காரணம் தெரிந்த நோயைக் கிராமங்களில் தடுப்பது எவ்வாறு என்னும் வினாவிற்குத் திண்டுக்கல் மாவட்டம் தந்த விடையை இக்கட்டுரை ஆராய்கிறது.

வைரஸின் இயக்கம்

இவ்வைரஸில் 200க்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. 6, 11ஆம் வகைகள் பிறப்புறுப்பில் மருக்களைத் தோற்றுவிக்கின்றன. கருப்பைவாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டிற்கு 16, 18ஆம் வகைகளே காரணம். பெரும்பாலும் உடலுறவின்வழிப் பரவும் வைரஸ், மேற்படலத்தின் நுண்ணிய சிராய்ப்புகள் வழியே அடியடுக்குச் செல்களை அடைகிறது. பெரும்பாலோரிடம் ஈராண்டுகளுக்குள் உடலின் எதிர்ப்பாற்றல் அதனை அடக்கிவிடுகிறது. நிலைத்துவிட்ட சிலரிடம் அதன் ஈ6, ஈ7 புரதங்கள், செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் பி53, ஆர்பி புரதங்களை முடக்குகின்றன. தொற்று புற்றாக மாறப் பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு மேலாகும். இந்த நீண்ட இடைவெளியே தடுப்பிற்கான வாய்ப்பு.

திண்டுக்கல் ஆய்வு

2000இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் அடையாற்று நிலையமும் அம்பிளிக்கையிலுள்ள கிறித்தவ மருத்துவமனையும் இணைந்து இவ்வாய்வைத் தொடங்கின. ஊராட்சிகள் 114 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயதுவரையான 49,311 பெண்கள் சோதனைக்கு அழைக்கப்பட்டனர். 31,343 பேர் வந்தனர். பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பைவாயில் அசெட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, வெண்மையாகும் பகுதியைக் கண்ணால் கண்டறிந்தனர். முடிவு சில நிமிடங்களில் தெரிந்தது. தகுதியுடையோர்க்கு உறைகுளிர் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. 2007இல் வெளியான முடிவுகளின்படி, ஒப்பீட்டுத் தொகுதிகளைவிட நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன.

இவ்வெற்றிக்கு மறுபக்கமும் உண்டு. எஞ்சிய 57 தொகுதிகளின் 30,958 பெண்களுக்கு இச்சோதனை வழங்கப்படவில்லை. அவர்களுள் 92 பேர் இந்நோயால் இறந்தனர். இத்தகைய ஆய்வு வடிவமைப்பு பின்னர் அறநெறி விமர்சனத்திற்கு உள்ளானது. மேலும், மராட்டியத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், ஒரேமுறை செய்த வைரஸ் சோதனை இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. அமிலச் சோதனையால் குறிப்பிடத்தக்க பயன் கிட்டவில்லை. ஆகவே திண்டுக்கல்லின் முடிவை எல்லா இடங்களுக்கும் பொதுவாக்க இயலாது.

நிறைவுரை

எனினும், சோதனையைப் பெண்ணின் ஊருக்கே கொண்டுசென்றது திண்டுக்கல்லின் நிலையான பங்களிப்பாகும். ஆரணிப் பட்டு நெய்யும் ஊர்களில், மருத்துவமனைப் பயணத்திற்காகத் தறியை நிறுத்துவது ஒருநாள் கூலியை இழப்பதாகும். சிறுமியர்க்குத் தடுப்பூசி வந்துவிட்ட இக்காலத்திலும், ஏற்கெனவே தொற்றுக்கு ஆளான தாய்மார்களை அது காக்காது. அவர்களுக்குச் சோதனையே வழி. அது அவர்கள் வாசலை எட்ட வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை.